மடாதிபதி யார் வீட்டுப் பிள்ளை? பட்டயங்களில் பிரபுக் குடும்பத்தின் பிடியைத் தேடும் முறை

இடைக்கால பெனடிக்டின் மடம் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் மேல் ஒரு பிரபுக் குடும்பத்துக்கு எவ்வளவு செல்வாக்கு இருந்தது என்று ஆராய்பவர்கள், "மடாதிபதியை நியமித்தது யார்?" என்ற கேள்வியில்தான் வழக்கமாகத் தொடங்குகிறார்கள். கேள்வியில் தவறில்லை. ஆனால் பதிலில் பெரிதாக எதுவும் கிடைக்காது. 900க்கும் 1200க்கும் இடையில் பெரிய மடங்களின் தலைமைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகள்தான். அதைக் கண்டுபிடித்ததோடு வேலை முடிந்ததாக நினைத்தால், எல்லா மடமும் ஒரே மாதிரித் தெரியும்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கொடுத்த நிலத்தை யார் திரும்பக் கேட்டார்கள்? மடத்தின் சார்பில் வழக்கு விசாரித்தது யார், அதற்கு என்ன கூலி வாங்கினார்? எந்த வீட்டார் மடத்து மண்ணில் அடக்கமானார்கள்? எந்த வீட்டுப் பெண்கள் எந்தக் கிளை மடத்தில் சேர்ந்தார்கள்? இவற்றுக்கான விடை பட்டயங்களில் சிதறிக் கிடக்கிறது. அவற்றைத் திரட்டும் முறையை இரண்டு மடங்களை வைத்துப் பார்ப்போம். ஒன்று பிரான்சின் பர்கண்டியில் உள்ள க்ளூனி, மடாதிபதி செமூர் ஹியூவின் காலம், 1049 முதல் 1109 வரை. மற்றொன்று ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் உள்ள ஹிர்சாவ், மடாதிபதி வில்ஹெல்மின் காலம், 1069 முதல் 1091 வரை.

எல்லையைக் குறுக்குங்கள்

ஒரு மடம், ஒரு குடும்பம், அறுபது முதல் நூறு ஆண்டு. இதற்கு மேல் போனால் பெயர்க் குழப்பத்திலேயே மூழ்கிவிடுவீர்கள். இதற்குக் கீழே போனால் பேரன் வந்து தாத்தாவின் தானத்தை எதிர்க்கும் காட்சியைத் தவறவிடுவீர்கள். செல்வாக்கு பெரும்பாலும் மூன்றாம் தலைமுறையில்தான் வெளியே தெரியும்.

மடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் ஆவணங்கள் எந்த நிலையில் பிழைத்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். க்ளூனியின் பட்டயங்கள் 1876க்கும் 1903க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக அச்சாகின. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள், இணையத்திலும் கிடைக்கின்றன. ஹிர்சாவ் நேர்மாறு. அங்கே தனிப் பட்டயங்கள் மிகக் குறைவு. பழைய தானக் குறிப்புகளைச் சுருக்கி 1500ஐ ஒட்டித் தொகுத்த ஒரு கையெழுத்து நூலை நம்பித்தான் பெரும்பாலும் போக வேண்டும். அதில் பல தானங்களுக்குத் தேதியே இல்லை. க்ளூனியில் எண்ணிக்கை வைத்து வாதிடலாம். ஹிர்சாவில் ஒரு சாசனத்தின் வரிகளைப் பிரித்துப் படிப்பதுதான் வழி. ஒன்றின் முறையை மற்றொன்றில் பொருத்தினால் முடிவு பிசகும்.

முதலில் விதிநூல்

பட்டயத்தைத் தொடுவதற்கு முன், இந்த மடங்கள் வாழ்க்கை நெறியாகக் கொண்ட புனித பெனடிக்டின் விதிநூலில் ஐந்தாறு அதிகாரங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நூல் குடும்பப் பிடியைப் பற்றி வெளிப்படையாகவே கவலைப்படுகிறது.

59ஆம் அதிகாரம் பிள்ளைகளை மடத்துக்கு அர்ப்பணிப்பது பற்றியது. பிரபு தன் மகனைக் கொண்டுவந்தால், விண்ணப்பத்தையும் பிள்ளையின் கையையும் பீடத் துணியில் சுற்றி ஒப்படைக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தனியாக எந்தச் சொத்தும் பிற்பாடு தரமாட்டோம் என்று பெற்றோர் ஆணையிட வேண்டும். விரும்பினால் மடத்துக்கு நிலம் தரலாம், தாங்கள் உயிரோடிருக்கும்வரை அதன் விளைச்சலைத் தாங்களே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இந்தக் கடைசி வாசகத்தை அடிக்கோடிடுங்கள். பின்னாளில் வரும் பாதித் தகராறுகளுக்கு இதுவே வாசல்.

54ஆம் அதிகாரம், அனுமதியில்லாமல் வீட்டாரிடமிருந்து கடிதமோ பரிசோ வாங்கக் கூடாது என்கிறது. 63, மடத்துக்குள் முன்வரிசை பின்வரிசை என்பது சேர்ந்த நாளைப் பொறுத்தது, பிறப்பைப் பொறுத்ததல்ல என்கிறது. 69, இரத்த உறவாக இருந்தாலும் ஒரு துறவி இன்னொருவருக்காக வக்காலத்து வாங்கக் கூடாது என்று தடுக்கிறது. 64ஆம் அதிகாரம் மடாதிபதித் தேர்தல். துறவிகள் எல்லோரும் சேர்ந்து தங்கள் தீய நடத்தைக்கு இடம் கொடுக்கிற ஒருவரைத் தேர்ந்தால், மறைமாவட்ட ஆயரும் பக்கத்து மடாதிபதிகளும், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்களும்கூடத் தலையிட்டுத் தடுக்கலாம் என்கிறது. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர் என்றால் நடைமுறையில் யார்? நிலமும் வாளும் வைத்திருந்த பிரபுதான். தலையீட்டுக்கான சாவியை விதிநூலே அவர் கையில் கொடுத்து வைத்திருக்கிறது.

அட்டவணை போடும் விதம்

ஒரு விரிதாளில், ஒரு பட்டயத்துக்கு ஒரு வரி என்று போடாதீர்கள். ஒரு செயலுக்கு ஒரு வரி. ஒரே பட்டயத்தில் தானம், மகனை ஒப்படைப்பது, அடக்கத்துக்கு இடம் கேட்பது என மூன்று செயல்கள் இருக்கலாம். மூன்று வரிகள். ஒவ்வொன்றிலும் பதிய வேண்டியவை: தேதி, தேதி எவ்வளவு உறுதி, கொடுப்பவர், சம்மதம் சொன்ன உறவினர், சாட்சிகள் எழுதியிருக்கும் அதே வரிசையில், நிலம் இருக்கும் ஊர், அளவு, பதிலுக்கு மடம் கொடுத்தது, மூலப் பட்டயமா பிரதியா. கடைசியாக ஒரு பத்தி (விரிதாளின் நெடுவரிசை), பெரும்பாலோர் விட்டுவிடுவது: செல்வாக்கு எந்தத் திசையில் பாய்கிறது. குடும்பத்திலிருந்து மடத்துக்கா, மடத்திலிருந்து குடும்பத்துக்கா?

ஆட்களுக்குப் பெயரை நம்பாமல் எண் கொடுங்கள். பதினோராம் நூற்றாண்டில் குடும்பப் பெயர் இன்னும் நிலைபெறவில்லை, வீட்டுக்குள் இரண்டு மூன்று பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். செமூர் வீட்டில் ஜெஃப்ராவும் தல்மாஸும், கால்வ் பிரபுக்கள் வீட்டில் தலைமுறைதோறும் அடல்பெர்ட். க்ளூனியில் ஹியூ என்றால் மடாதிபதியாக இருக்கலாம், அவருடைய சகோதரியின் பேரனான பர்கண்டிக் கோமகனாக இருக்கலாம், மடாதிபதியைச் சிறுவயதில் வளர்த்த ஒசேர் ஆயராகவும் இருக்கலாம். போதாததற்கு 1122இல் சில மாதங்கள் இரண்டாம் ஹியூ, 1158 முதல் 1161 வரை மூன்றாம் ஹியூ என்று அதே மடத்தில் அதே பெயரில் இன்னும் இரண்டு மடாதிபதிகள். இரண்டு பேரை ஒரே ஆள் என்று இணைப்பதற்கு ஊர், உறவு, காலம் மூன்றில் இரண்டாவது பொருந்த வேண்டும். ஒன்று மட்டும் பொருந்தினால் தனித்தனி எண்ணிலேயே விடுங்கள். பிரித்து வைத்ததைப் பிறகு சேர்ப்பது எளிது. சேர்த்ததைப் பிரிப்பது நரகம்.

தேதிக்கு ஒரு சோதனை. பட்டயத்தில் இண்டிக்ஷன் என்ற பதினைந்து ஆண்டுச் சுழற்சி எண் இருந்தால், கிறிஸ்து ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி பூஜ்யம் என்றால் 15 என்று கொள்ளுங்கள். 1075க்கு: 1078ஐ 15ஆல் வகுத்தால் மீதி 13. ஆனால் சில இடங்களில் இந்தச் சுழற்சி செப்டம்பரிலேயே மாறிவிடும். அதனால் 1075 அக்டோபரில் எழுதிய பட்டயத்தில் 14 என்று இருந்தாலும் பிழை என்று தள்ள முடியாது. ஆண்டுத் தொடக்கமும் இடத்துக்கு இடம் வேறு: கிறிஸ்துமஸ், மார்ச் 25, ஈஸ்டர். மார்ச் 25இல் ஆண்டைத் தொடங்கும் எழுத்தர், ஹியூ தேர்ந்தெடுக்கப்பட்ட 1049 பிப்ரவரியை 1048 என்றுதான் எழுதியிருப்பார். தேதியே இல்லாதபோது மடாதிபதியின் பதவிக்காலத்தை வேலியாக வைப்பார்கள். ஹியூவுக்கு அந்த வேலி அறுபது ஆண்டு அகலம், பயனில்லை. சாட்சியாக வரும் ஆயர், கோமகன் ஆகியோரின் காலத்தை வைத்துச் சுருக்குங்கள்.

நிலத்தை அடையாளம் காணுதல்

க்ளூனிப் பட்டயங்களில் ஒரு வசதி. நிலத்துக்கு நான்கெல்லை சொல்லியிருப்பார்கள். கிழக்கு மேற்கு என்று இருக்காது. காலைப் பக்கம் இன்னாருடைய நிலம், நடுப்பகல் பக்கம் பொதுவழி, மாலைப் பக்கம் வேறொருவர் நிலம், செர்சியஸ் என்ற வாடைக்காற்றுப் பக்கம் புனித பேதுருவின் நிலம் என்று வரும். புனித பேதுரு என்றால் க்ளூனி மடமே. மடம் பேதுருவுக்கும் பவுலுக்கும் நேர்ந்தது, அதனால் மடத்துச் சொத்து பேதுருவின் சொத்தாகவே எழுதப்படும். சில பட்டயங்களில் நீளமும் அகலமும் கோல் கணக்கில் இருக்கும்.

இந்த நான்கெல்லையை அப்படியே ஒரு தனிப் பத்தியில் பெயர்த்தெழுதுங்கள். ஏனென்றால், அனுபவமில்லாத கண்ணுக்கு மூன்று தானமாகத் தெரிவது பல சமயம் ஒரே வயல்தான். நடப்பது இப்படி: தகப்பன் நிலத்தை மடத்துக்கு எழுதிவைக்கிறார். அவர் இறந்ததும் மகன், நான் சம்மதிக்கவில்லை என்று உரிமை கோருகிறான், சில நேரம் ஆட்களோடு போய் வயலில் இறங்கியும் விடுகிறான். பிறகு பேச்சுவார்த்தை. மடம் கொஞ்சம் காசோ குதிரையோ கொடுக்கிறது, மகன் கோரிக்கையைக் கைவிடுவதாகப் புதுப் பட்டயம் எழுதப்படுகிறது. அவன் பிள்ளை காலத்தில் மறுபடியும் ஒரு சுற்று. எண்ணிக்கையில் மூன்று தானம் என்று போட்டால் குடும்பம் கொடையில் உயர்ந்து தெரியும். உண்மையில் அது ஒரு தானம், இரண்டு தகராறு.

தகராறு என்றதும் பகை என்று முடிவுகட்டவும் வேண்டாம். நிலத்தைக் கொடுப்பதும் கேட்பதும் மறுபடி விட்டுக்கொடுப்பதும், குடும்பமும் மடமும் தொடர்பை அறுபடாமல் வைத்துக்கொள்ளும் வழியாகவும் இருந்தன. ஒவ்வொரு சமாதானத்தின்போதும் அந்த வீட்டுப் பெயர்கள் ஜெபத்தில் மறுபடி சேரும். செல்வாக்கை அளக்க, தகராறு எத்தனை என்பதைவிட ஒவ்வொரு தகராறிலும் மடம் என்ன விலை கொடுத்தது என்பது பயன்படும். விலை தலைமுறைக்குத் தலைமுறை ஏறினால் குடும்பத்தின் கை ஓங்குகிறது. வெறும் ஜெபத்துக்கே விட்டுக்கொடுத்தால் மடத்தின் கை.

சம்மதம் சொன்ன உறவினர் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள். மனைவி, மகன்கள், சகோதரர்கள் என்று நீளும் பட்டியல் பாசத்தால் வந்ததல்ல. இவர்களெல்லாம் நாளை வழக்குப் போடக் கூடியவர்கள் என்று எழுத்தர் கருதினார் என்பதற்கு அதுவே சாட்சி. யாருடைய பெயர் இல்லை என்பதைச் சிவப்பில் குறியுங்கள். அடுத்த தகராறு அங்கிருந்து வர வாய்ப்பு அதிகம்.

சுதந்திரப் பட்டயத்தை எப்படிப் படிப்பது

இனி ஹிர்சாவ். இந்தப் பகுதியில் நிதானம் வேண்டும்.

ஹிர்சாவ் ஒன்பதாம் நூற்றாண்டில் கால்வ் பிரபுக்களின் முன்னோர் நிறுவிய மடம், புனித அவுரேலியஸின் திருப்பண்டம் இருந்த இடம். நாளடைவில் பாழடைந்து, சொத்து குடும்பத்திடமே போய்ச் சேர்ந்தது. 1049இல் திருத்தந்தை ஒன்பதாம் லியோ அங்கே வந்தார். அவர் கால்வ் பிரபு இரண்டாம் அடல்பெர்ட்டுக்குத் தாய்மாமன். மடத்தைத் திரும்ப எழுப்பச் சொன்னார். பத்து ஆண்டு கழித்து 1059இல்தான் கட்டட வேலை தொடங்கியது. 1065இல் ஐன்சீடல்ன் மடத்திலிருந்து துறவிகள் வந்தார்கள், ஃப்ரீட்ரிக் மடாதிபதியானார். 1069இல் அடல்பெர்ட் அவரை நீக்கிவிட்டு ரேகன்ஸ்பர்கின் புனித எம்மெராம் மடத்திலிருந்து வில்ஹெல்மைக் கொண்டுவந்தார். மடத்தை வீட்டுச் சொத்தாக நடத்துவது என்றால் இதுதான்: வைப்பதும் எடுப்பதும் பிரபு.

வில்ஹெல்ம் வந்தார், ஆனால் மடாதிபதிக்கான திருநிலைப்பாட்டை ஏற்க மறுத்தார். முன்னவரை நீக்கியது செல்லாது என்பது அவர் கருத்து. 1071இல் ஃப்ரீட்ரிக் இறந்த பிறகே ஏற்றார். அதன்பின் பிரபுவிடமிருந்து மடத்தை விடுவிக்கும் வேலையில் இறங்கினார். அதன் பலன், அரசர் நான்காம் ஹென்றி 1075 அக்டோபர் 9 தேதியிட்டு வழங்கிய சாசனம். இதன் நம்பகத்தன்மை பற்றி ஆய்வாளர்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். வாசகம் மடத்திலேயே தயாராகி அரச முத்திரை பெற்றது என்பதே அந்தச் சந்தேகத்துக்கு ஒரு காரணம். பிற்காலத்தில் பல சீர்திருத்த மடங்கள் தங்கள் சாசனத்துக்கு இதை அச்சாக வைத்துக்கொண்டன.

இப்படிப்பட்ட ஒரு சாசனம் கையில் வந்தால் நான்கு இடத்தில் விரலை வையுங்கள்.

முதலாவது, தேர்தலும் கோலும். ஹிர்சாவ் சாசனத்தில் மடாதிபதியைத் துறவிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக் கோல் பீடத்திலிருந்து வருகிறது, பிரபுவின் கையிலிருந்து அல்ல. கோல் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று ஒரு சாசனம் இவ்வளவு கவனமாகச் சொன்னால், அதற்கு முன் அது வேறொருவர் கையில் இருந்தது என்று பொருள்.

இரண்டாவது, ரோமுக்குக் காணிக்கை. ஆண்டுக்கு ஒரு பொற்காசு புனித பேதுருவின் பீடத்துக்குப் போக வேண்டும். தொகை சிறிது. மடம் எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமல்ல என்பதற்கான ஆண்டு ரசீது அது. க்ளூனியில் இதே ஏற்பாடு 910இலேயே இருந்தது. அக்விட்டேன் கோமகன் வில்லியம் எழுதிய நிறுவனப் பட்டயத்தில், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பத்து சாலிடஸ் காசு, ரோமின் திருத்தூதர் ஆலயங்களின் விளக்குச் செலவுக்கு.

மூன்றாவது, ஃபோக்ட். இதுவே சாசனத்தின் உயிர்நாடி. துறவிகள் இரத்தம் சிந்தும் தண்டனை விதிக்க முடியாது. ஆகவே மடத்து நிலங்களில் குற்ற வழக்கை விசாரிக்கவும் மடத்தை ஆயுதத்தோடு காக்கவும் பொதுநிலைப் பிரபு ஒருவர் வேண்டும், அவர்தான் ஃபோக்ட். அடல்பெர்ட் மடத்தின் மேலிருந்த உடைமையைத் துறந்தார், சரி. ஆனால் ஃபோக்ட் பதவி? அவருக்கும் அவர் வழியில் வரும் தகுதியுள்ளவருக்கும் என்றே சாசனம் சொல்கிறது. வீட்டில் தகுதியானவர் இல்லாவிட்டாலோ, பதவியில் இருப்பவர் மடத்துக்குக் கேடு செய்தாலோ, மடாதிபதியும் துறவிகளும் வேறொருவரைத் தேடிக்கொள்ளலாம். வழக்கு விசாரிக்கும் அதிகாரத்தை அவருக்கு அரசர் தருவார். ஒரு கதவை மூடி இன்னொரு கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள், தாழ்ப்பாள் மட்டும் இப்போது மடத்தின் உட்பக்கம்.

நான்காவது, கூலி. ஃபோக்ட் ஆண்டுக்கு மூன்று முறை மட்டும் நீதிமன்றம் கூட்டலாம், அதுவும் மடாதிபதி அழைத்தால். அவருக்கு அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கு. விசாரணை நாளுக்கு ஒரு அளவு தானியம், ஒரு பன்றிக்குட்டி, ஒரு அளவு திராட்சை மது. ஒரு பன்றிக்குட்டியை அரச முத்திரையிட்ட சாசனத்தில் ஏன் எழுத வேண்டும்? எழுதாவிட்டால் அது இரண்டாகும், மூன்றாகும், பரிவாரத்தோடு வந்து வாரக்கணக்கில் தங்குவதாகும். ஃபோக்டுகளைப் பற்றிய மடங்களின் புகார்களில் ஓயாமல் வருவது இதுதான். சாசனத்தில் அளவு எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அங்கே ஏற்கெனவே தொல்லை இருந்தது என்றோ, பக்கத்து மடத்துத் தொல்லையைப் பார்த்து உஷாரானார்கள் என்றோ கொள்ளலாம்.

'சுதந்திரம்' என்ற சொல்லைப் பார்த்ததும் குடும்பத்தின் கதை முடிந்தது என்று எழுதுவதே இந்தத் துறையில் அதிகம் நடக்கும் பிழை. ஹிர்சாவில் மாறியது குடும்பம் நின்ற இடம். உரிமையாளர் இடத்திலிருந்து காவல்காரர் இடத்துக்கு இறங்கியது, அவ்வளவே.

ஃபோக்ட் இல்லாத இடத்தில்

க்ளூனியில் அப்படிப்பட்ட பொதுநிலைப் பிரபு கிடையாது. 910ஆம் ஆண்டுப் பட்டயம் நிறுவியவரின் உறவினர்கூட மடத்துச் சொத்தைத் தொடக் கூடாது என்று சாபத்தோடு தடுத்தது. அப்படியானால் அங்கே குடும்பச் செல்வாக்கு எங்கே என்றால், மடாதிபதியின் சொந்த இரத்தத்தில். முதல் மடாதிபதி பெர்னோவே தன் உயிலில், தான் ஆண்ட மடங்களைப் பங்குபோட்டார். க்ளூனியும் வேறு சிலவும் ஓடோவுக்கு. ஜிஞ்ஞியும் போமும் தன் உறவினர் விடோவுக்கு. வீட்டுச் சொத்தைப் பிரிப்பதுபோலவே.

செமூர் ஹியூவுக்கு வருவோம். பிரியோனே பகுதியின் செமூர் பிரபு தல்மாஸின் மூத்த மகன். குதிரையேற்றம் பழகி வீட்டை ஆள வேண்டியவர் பதினைந்து வயதுவாக்கில் மடத்துக்குப் போய், இருபத்தைந்து வயதுக்குள் மடாதிபதியானவர். அவருடைய சகோதரி எலியை மணந்த பர்கண்டிக் கோமகன் ராபர்ட்தான் ஹியூவின் தகப்பனைக் கொன்றவர். இப்படிப்பட்ட வீட்டில் செல்வாக்கைத் தேடும்போது ஆண் வழியை மட்டும் வரைந்தால் பாதிதான் கிடைக்கும். பெண்களைத் தொடருங்கள்.

ஹியூ 1055ஐ ஒட்டித் தன் சகோதரன் ஜெஃப்ராவோடு சேர்ந்து குடும்ப நிலத்தில் மார்சின்யி என்ற பெண்கள் மடத்தை நிறுவினார். முதல் தலைவி அவருடைய இன்னொரு சகோதரி எர்மங்கார்த். பிற்காலத்தில் செமூர் பிரபு மூன்றாம் ஜெஃப்ரா தானே துறவியாகி அங்கே ப்ரயராக, அதாவது மடாதிபதிக்குக் கீழ்ப்பட்ட தலைவராக, இருந்தார். வீட்டு நிலம், வீட்டுப் பெண்கள், வீட்டு ஆண்கள், ஆனால் அதிகாரம் க்ளூனியின் கீழ். வேசலே மடத்துக்கு 1106இல் மடாதிபதியான ரெனோ, ஹியூவின் நெருங்கிய உறவினர். ஹியூவின் வாழ்க்கை வரலாறுகளில் ஒன்றை எழுதியவரும் அவரே. ஆகவே அந்த வரலாற்றில் செமூர் வீட்டைப் பற்றி வரும் புகழ்ச்சியை அட்டவணையில் சேர்க்கும்போது, எழுதியவர் பத்தியில் 'உறவினர்' என்று போட மறக்காதீர்கள்.

இங்கே ஒரு காலவரிசைப் பொறி உண்டு. எலியின் மகள் கான்ஸ்டன்ஸ் 1079 வாக்கில் ஸ்பெயினின் லியோன்–காஸ்டில் அரசர் ஆறாம் அல்ஃபோன்சோவை மணந்தார். அல்ஃபோன்சோ க்ளூனிக்குக் கொடுத்த ஆண்டுக் காணிக்கையைத் தன் தகப்பன் காலத்து ஆயிரம் பொற்காசிலிருந்து இரண்டாயிரமாக்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மடாதிபதி சகோதரி மகளைக் கட்டிக்கொடுத்தார், பணம் இரட்டித்தது என்று எழுதத் தோன்றும். ஆனால் காணிக்கை இரட்டித்தது 1077இல். கல்யாணம் அதற்குப் பிறகு. 1072இல் அண்ணனிடம் சிறைப்பட்டபோது ஹியூவின் ஜெபத்தால் விடுதலை கிடைத்ததாக நம்பிய அரசர் அவர். பணம் முதலில், உறவு பின்னால். காரணம் சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன் இரண்டு தேதிகளையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

திசைப் பத்தி எதற்கு என்பதற்கும் இதே குடும்பத்தில் ஒரு சான்று. எலியின் பேரன், பர்கண்டிக் கோமகன் முதலாம் ஹியூ, பதவியைத் தம்பியிடம் விட்டுவிட்டு க்ளூனியில் துறவியானார். திருத்தந்தை ஏழாம் கிரகோரி 1079இல் மடாதிபதியைக் கடிந்து எழுதினார்: கோமகனை மடத்துக்குள் எடுத்துக்கொண்டு ஒரு லட்சம் கிறிஸ்தவர்களைக் காவலன் இல்லாமல் ஆக்கிவிட்டீர் என்று. பிரபுக் குடும்பம் மடத்தை ஆண்டது என்று மட்டும் பார்த்தால் இந்தக் கடிதம் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

குத்தகை, நினைவேடு, பிற பொறிகள்

இத்தாலியப் பக்கம் போனால் தானத்தைவிடக் குத்தகையைக் கவனியுங்கள். மடத்து நிலம் 29 ஆண்டுக்கு எழுதப்படும், ஏனெனில் 30 ஆண்டு அனுபவித்தால் உரிமை கோரலாம். அல்லது மூன்று தலைமுறைக்கு எழுதப்படும். மூன்று தலைமுறைக்குப் பிறகு யாரும் திருப்பித் தருவதில்லை. ஃபார்ஃபா மடத்தில் 936இல் மடாதிபதி ராட்ஃப்ரெட்டை விஷம் வைத்துக் கொன்ற இருவரில் ஒருவனான காம்போ, மடத்து நிலத்தைத் தன் பிள்ளைகளுக்கே கொடுத்துத் தீர்த்தான். அதைப் பதிவுசெய்த பிற்கால மடாதிபதி ஹியூ 998இல் அந்தப் பதவியைக் காசு கொடுத்து வாங்கி, பின்னாளில் சீர்திருத்தவாதியானவர். சீர்திருத்தவாதியின் பேனாவில் முந்தையவர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருப்பார்கள். கழித்துப் படியுங்கள்.

நினைவேடு என்பது இறந்தோரின் பெயரை இறந்த நாளின் கீழ் எழுதிய நாட்காட்டி. ஆண்டு இருக்காது, நாள் மட்டும். பட்டயத்தில் கடைசியாகத் தோன்றும் ஆண்டோடு இதைச் சேர்த்தால் இறப்பை ஓரளவு நிர்ணயிக்கலாம். ஒரே வீட்டார் எத்தனை பேர், துறவியாகவா புரவலராகவா எழுதப்பட்டார்கள் என்பது குடும்பத்தின் மதிப்பைக் காட்டும். ஒரே பெயர் பத்து நாளில் பத்து முறை வரும், பதவிப் பெயர் ஒட்டாவிட்டால் சேர்க்காதீர்கள்.

பதிவேட்டுப் பிரதிகளில் எழுத்தர்கள் சாட்சிப் பட்டியலைச் சுருக்குவார்கள், சில இடத்தில் முழுதாக விட்டுவிடுவார்கள். பிரதியில் பிரபுவின் பெயர் இல்லை என்பதை அவர் வரவில்லை என்று வாசிக்கக் கூடாது. 'மூலம்' 'பிரதி' என்ற பத்தி போடச் சொன்னது இதற்காகத்தான். வரவில்லை என்ற வாதத்தை மூலப் பட்டயங்களை மட்டும் வடிகட்டிய பிறகே எழுப்புங்கள். நிலம் கைமாறாத ஆண்டுகளில் பட்டயமே பிறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். குடும்பமும் மடமும் சுமுகமாக இருந்த இருபது ஆண்டு, ஆவணத்தில் வெற்றிடமாகத்தான் தெரியும்.

முடிவை எழுதும்போது எண்ணிக்கையைக் காலத்துண்டுகளாகப் பிரித்து, பகுதி எவ்வளவு மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் கொடுங்கள். ஒரு துண்டில் மொத்தம் பத்துக்கும் குறைவென்றால் சதவீதம் போடவே வேண்டாம், செயல்களைப் பெயரோடு சொல்லிவிடுங்கள்.

ஆண் வாரிசு அற்றுப்போகும் இடத்தில் அட்டவணையை மூடிவிடாதீர்கள். கால்வ் வீட்டில் அடல்பெர்ட் 1099இல் இறந்தார். மகன் காட்ஃப்ரீட் 1131 வாக்கில் ஆண் பிள்ளை இல்லாமல் போனதும், மகள் ஊட்டாவின் கணவர் ஆறாம் வெல்ஃப் ஒரு பக்கம், காட்ஃப்ரீட்டின் அண்ணன் மகன் மறுபக்கம் என்று வாரிசுப் போர் மூண்டது. அந்த ஆண்டுக்குப் பிறகு கால்வ் என்ற பெயரை மட்டும் தேடுபவருக்குக் குடும்பம் மறைந்துவிட்டதாகத் தோன்றும். வெல்ஃப் என்ற பெயரையும் தேடல் பட்டியலில் சேர்த்து, அடுத்த முப்பது ஆண்டுச் சாட்சிகளை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.